ஊர் மலையில் இருக்கும் கற்படுக்கையையும் கல்வெட்டையும் காக்க மக்களிடம் எப்படிப் பேசுவது?

சொந்த ஊர் மதுரை மாவட்டத்தில், வேலை வெளியூரில் என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர் மலையில் குகைத்தளமும், துறவிகள் படுக்கப் பாறையில் வெட்டிய கற்படுக்கைகளும், யாருக்கும் படிக்கத் தெரியாத ஒரு பழைய எழுத்தும் இருக்கின்றன. பொங்கலுக்குப் போனபோது படுக்கைகள் மேல் பெயின்டில் பெயர்கள், உடைந்த பாட்டில்கள், அடுப்பு மூட்டிய கரி. "மக்களுக்கு விழிப்புணர்வு வர என்ன செய்யலாம்? எச்சரிக்கைப் பலகை வைக்கலாமா, பள்ளியில் பேச்சுப்போட்டி நடத்தலாமா, வீடியோ எடுத்துப் போடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: அந்த மலையடியிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது ஏன் ஒரு பொருட்டாக இல்லை? பலகை, போட்டி, வீடியோ மூன்றைப் பற்றியும் சொல்கிறேன். அதற்கு முன் இந்த இரண்டாவது கேள்வியைப் பார்த்துவிடுவோம். அதை விட்டுவிட்டு எதைச் செய்தாலும் காசும் நேரமும்தான் போகும்.

நான் கல்வெட்டு படிக்கப் பயிற்சி எடுத்தவன். பல வருடங்களாக மதுரையைச் சுற்றியுள்ள சமண மலைகளுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே எழுதியிருப்பதைப் படித்துக் காட்டுகிறவன். ஆகவே இந்தப் பக்கத்து மலைகளைப் பற்றித் துணிந்து பேசுவேன். பறவை, விலங்கு விஷயத்தில் எனக்குத் தெரிந்தது உடன் வரும் நண்பர்களிடம் கேட்டு அறிந்ததுதான். சட்டம் பற்றிச் சொல்வதைப் பொதுவான வழிகாட்டலாக எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கு என்று வந்தால் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் முன்னால் நிற்கும் நீல நிறப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். இன்ன சட்டத்தின்படி இது பாதுகாக்கப்பட்டது, சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கும். தகவல் சரிதான். ஆனால் உள்ளே பாறையில் என்ன எழுதியிருக்கிறது என்பது பெரும்பாலும் அதில் இருக்காது. படித்துவிட்டுத் திரும்புகிறவருக்கு அது அரசாங்கத்தின் சொத்து, நமக்கு அங்கே வேலையில்லை என்ற எண்ணம்தான் மிஞ்சும். எச்சரிக்கைப் பலகை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. போலீஸில் புகார் கொடுக்கும் அன்றைக்கு அது உதவும். ஆனால் அதைப் படித்து யாருக்கும் அந்த மலைமேல் பிடிப்பு வந்ததை நான் பார்த்ததில்லை.

நான் பார்த்தவரை ஆட்களின் முகம் மாறுவது அந்த எழுத்தைப் படித்துக் காட்டும்போதுதான். மாங்குளத்துக்குப் பக்கத்தில் மீனாட்சிபுரம் மலையில் உள்ள தமிழிக் கல்வெட்டு (தமிழி என்பது தமிழ்-பிராமி என்றும் சொல்லப்படும் பழைய எழுத்து) கணி நந்தன் என்ற துறவிக்காகப் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியனின் பணியாளரான கடலன் வழுதி பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் இடம், வெட்டிக் கொடுத்ததைச் சொல்கிறது. அதே மலையில் இன்னொன்று வெள்ளறை நிகமத்தார், அதாவது வெள்ளறை ஊர் வணிகக் குழுவினர், கொடுத்ததைச் சொல்கிறது. அந்த வெள்ளறைதான் இன்றைக்கு மேலூர் ரோட்டில் இருக்கும் வெள்ளரிப்பட்டி என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. பெயர்ப் பொருத்தமும் அருகாமையும் அதற்கு ஆதாரம், முடிந்த முடிவு என்று சொல்ல முடியாது. கல்வெட்டின் காலத்தையும் கி.மு. 3ஆம் நூற்றாண்டு என்பவர்கள் உண்டு, 2ஆம் நூற்றாண்டு என்பவர்களும் உண்டு. இந்த நெடுஞ்செழியன் சங்கப் பாடல்களில் வரும் நெடுஞ்செழியன்களில் ஒருவனா என்பதும் தீராத வாதம். ஊரில் பேசும்போது இந்தச் சந்தேகங்களையும் சேர்த்தே சொல்லுங்கள். "உலகத்திலேயே பழையது", "இருபதாயிரம் வருடம்" என்று அடித்துவிட்டால் அப்போதைக்குக் கைதட்டு கிடைக்கும். நாளைக்கே ஒரு கல்லூரிப் பையன் போனில் தேடிப் பார்த்துவிட்டு வந்தால், நீங்கள் சொன்ன உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அழகர்மலைக் குகைத்தளம் இன்னும் சுவாரசியமானது. கிடாரிப்பட்டி வழியாக ஏறினால் அங்கே கொடை கொடுத்தவர்கள் வரிசையாகப் பதிவாகியிருக்கிறார்கள்: உப்பு வணிகன், பாணித வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், பொன் வேலை செய்யும் கொல்லன். பாணிதம் வெல்லப்பாகு, கொழு ஏரில் மாட்டும் இரும்பு, அறுவை துணி. அரசன் பெயரைக் கேட்டால் தலையாட்டிவிட்டுப் போகும் ஊர்ப் பெரியவர், உப்பு விற்றவன் பெயரும் கொழு விற்றவன் பெயரும் பாறையில் இருப்பதைக் கேட்டால் உட்கார்ந்துவிடுவார். கொழு பற்றி அவருக்கு என்னைவிட அதிகம் தெரியும், பேச்சு அங்கிருந்து தானாக நகரும். உங்கள் ஊர்க் கல்வெட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. பள்ளிப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போனால் யாராவது ஒருவன் கட்டாயம் கேட்பான்: "அவங்களும் பேர்தானே சார் எழுதியிருக்காங்க, நாங்க எழுதுனா மட்டும் தப்பா?" கேள்வி நியாயமானது, அதட்டி உட்கார வைக்காதீர்கள். அவர்கள் ஒருவருக்குப் படுக்க இடம் வெட்டிக் கொடுத்துவிட்டு, அதற்குக் கணக்காகப் பெயரைப் பதித்தார்கள். நீ என்ன கொடுத்துவிட்டு எழுதுகிறாய் என்று நான் திருப்பிக் கேட்பேன். சிரிப்பார்கள். அதற்கு மேல் பேச வேண்டியிருக்காது. பெயின்டில் எழுதும் கை எல்லாமே கெட்ட எண்ணத்தோடு எழுதுவதில்லை. வெறும் பாறை என்று நினைத்துத்தான் பாதிப் பேர் எழுதுகிறார்கள். தமிழி எழுத்து பல இடங்களில் ஆழமில்லாமல் வெட்டப்பட்டிருக்கும், உச்சிவெயிலில் பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குப் படாது.

அப்புறம், ஊர்க்காரர்களுக்கு அந்த இடத்தோடு உறவே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். உறவு வேறு பெயரில் இருக்கும். படுக்கைகளைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். கீழக்குயில்குடி சமணர் மலையில் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரரின் பெரிய உருவம் உள்ள குகைக்குச் செட்டிப்புடவு என்று பெயர், அடிவாரத்தில் அய்யனார் கோயிலும் தாமரைக் குளமும் ஆலமரமும் இருக்கின்றன. "பாண்டவர் எல்லாம் கட்டுக்கதை, இது சமணம்" என்று போன உடனே திருத்தப் பார்க்கும் படித்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்தக் கதையும் அய்யனார் மேல் உள்ள பயமும் இல்லாதிருந்தால் பல பாறைகள் நமக்கு முன்னாலேயே ஜல்லியாகப் போயிருக்கும். ஊர்க்கதையை முதலில் கேளுங்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதன் பக்கத்தில் கல்வெட்டின் செய்தியை வையுங்கள். இரண்டும் சேர்ந்து இருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து நிறுத்திய மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் கேள்வியின் அடுத்த வரியிலேயே நீங்கள் அதைத்தான் கேட்டிருந்தீர்கள்: "அவர்களால் முடிந்தது எங்களால் ஏன் முடியவில்லை?" அங்கே பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில் இருக்கிறது, அதில் தமிழ்நாட்டில் அரிதாகவே காணக் கிடைக்கும், சிவனின் ஒரு வடிவமாகக் கருதப்படும் இலகுலீசர் சிற்பம் இருக்கிறது. தமிழிக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் உருவமும் இருக்கின்றன. கூடவே ஏழு குன்றுகள், ஏராளமான கண்மாய்கள், ஊற்றுகள். லகர் வல்லூறு, ராசாளிக் கழுகு போன்ற வேட்டைப் பறவைகளோடு எறும்புத்தின்னியும் தேவாங்கும் அங்கே வாழ்கின்றன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்துச் சுமார் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவித்தது. உயிரியல் பன்மைச் சட்டம் 2002இன் 37ஆம் பிரிவின்படி வந்த அறிவிப்பு அது. அப்போது ஊருக்குள் எல்லோரும் கொண்டாடிவிடவில்லை. ஆடு மேய்க்க விடுவார்களா, சாமி கும்பிட விடுவார்களா என்ற பயம் இருந்தது. நியாயமான பயம்தான். இந்த வகை அறிவிப்பு மக்களின் வழக்கமான பயன்பாட்டைத் தடுப்பதற்காக வந்ததல்ல. அதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லும் வேலை அறிவிப்புக்கு முன்னால் நடந்திருக்க வேண்டியது.

சரியாக 2 ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், அந்தப் பாரம்பரியத் தலத்தையும் உள்ளடக்கிச் சுமார் 2,015 ஹெக்டேர் நிலத்தை நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்று சுரங்கத்துக்காக ஒன்றிய அரசு ஏலம் விட்டது. ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானது. அரசிதழில் வந்த அறிவிப்பு தனியாக நின்று எதையும் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், டிசம்பரில் சட்டமன்றத்திலும் தீர்மானம் நிறைவேறியது. பாரம்பரியத் தலத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தை மறு ஆய்வு செய்யலாம் என்று ஒரு யோசனை வந்தபோது ஊர்கள் அதை ஏற்கவில்லை. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் மதுரை தல்லாகுளம் வரை நடந்தே வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

இதைப் பாரம்பரிய விழிப்புணர்வின் வெற்றி என்று மேடைகளில் சொல்கிறார்கள். நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். மக்கள் தெருவுக்கு வந்த முதல் காரணம் நிலமும் தண்ணீரும் வீடும் போய்விடும் என்ற அச்சம். அதில் தவறும் இல்லை. அதோடு அந்தப் பகுதி ஏற்கெனவே கிரானைட் குவாரிகளால் அடிபட்ட பகுதி. கீழவளவு பக்கம் போனால் கல்வெட்டு இருக்கும் குன்றை ஒட்டி எப்படி அறுத்திருக்கிறார்கள் என்று இன்றைக்கும் பார்க்கலாம். மலை போனால் கண்மாய்க்கு வரத்து போகும் என்பதை அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு உறுதியாகத் தெரிவது இவ்வளவுதான்: அவர்கள் பேச எழுந்தபோது கையில் ஆதாரம் இருந்தது. எந்தப் பாறையில் என்ன எழுத்து, எந்தக் குன்றில் என்ன பறவை என்பது அதற்கு முன்பே பல வருடங்களாகப் பதிவாகியிருந்தது. அந்தப் பட்டியலைத் துண்டறிக்கையிலும் மனுவிலும் பேட்டியிலும் ஊர் இளைஞர்களே சொன்னார்கள். பட்டியல் இல்லாதிருந்தால் அது நிலம் போகும் பிரச்சினையாக மட்டும் போயிருக்குமா, முடிவும் மாறியிருக்குமா என்றால், மாறியிருக்கும் என்பது என் ஊகம், நிரூபிக்க முடியாது.

இதற்கு முன்னோடி யானைமலை. 2010இல் அந்த மலையைக் குடைந்து சிற்ப நகரம் ஆக்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. அங்கே தமிழிக் கல்வெட்டு இருக்கிறது, அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்த சிற்பம் இருக்கிறது, கி.பி. 770ஆம் ஆண்டுக் கல்வெட்டோடு நரசிங்கப் பெருமாள் குடைவரையும் இருக்கிறது. நரசிங்கம், ஒத்தக்கடை மக்கள் எதிர்த்தார்கள், திட்டம் நின்றது. எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் ஒருங்கிணைக்கும் பசுமை நடை அதை ஒட்டித்தான் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மலைக்கு நடந்து போவது, வேதாசலம், சாந்தலிங்கம் போன்ற தொல்லியல் அறிஞர்கள் அங்கேயே நின்று விளக்குவது, பாறைமேல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவது. குழந்தைகளும் வருவார்கள். மதுரை நகரத்து ஆட்கள் தங்கள் ஊர் மலைகளை அறிந்துகொண்டதில் இந்த நடைக்குப் பெரிய பங்கு உண்டு என்று தயங்காமல் சொல்வேன். நீங்கள் ஏதாவது ஒன்றைப் பார்த்துச் செய்ய வேண்டுமென்றால் இதைப் பார்த்துச் செய்யுங்கள். செலவு குறைவு, தொடர்ந்து செய்வதுதான் கஷ்டம்.

இயற்கைத் தலங்களிலும் இதே கணக்குத்தான். வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பறவைகளைச் சுடக்கூடாது என்று கலெக்டரிடம் போய் உத்தரவு வாங்கியவர்கள் அவர்கள். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. யாரும் அபராதம் போட்டு வந்த பழக்கம் இல்லை அது. வெளியிலிருந்து விழிப்புணர்வு கொண்டுபோகிறோம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் இப்படி ஏதாவது அந்த ஊரிலேயே இருக்கிறதா என்று விசாரிப்பது நல்லது.

பள்ளிப் பேச்சுப்போட்டி பற்றி: நடத்துங்கள், கெடுதல் இல்லை. ஆனால் பையன்கள் மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில் மலை வராது. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் என்று வைத்து மாணவர்களுக்குக் கல்வெட்டுப் படிக்கவே கற்றுக்கொடுத்தார்கள். அந்த வழிதான் எனக்குப் பிடித்தது. தமிழி எழுத்துகளை எட்டாம் வகுப்புப் பிள்ளை இரண்டு மூன்று வகுப்பில் பிடித்துக்கொள்ளும். நோட்டில் பெயரை அந்த எழுத்தில் எழுதிப் பழகிய பிள்ளை மலையில் அதைப் பார்க்கும்போது தானே படிக்கத் தொடங்கிவிடும். வீட்டில் போய்ச் சொல்லும். பெயின்ட் டப்பாவோடு ஏறும் அண்ணனுக்கு அந்த வீட்டிலிருந்தே தடை வரும்.

வீடியோவில்தான் எனக்குத் தயக்கம் அதிகம். பார்வை கூடினால் ஆட்கள் கூடுவார்கள், காவலும் குப்பைத்தொட்டியும் இல்லாத இடத்தில் ஆட்கள் கூடினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நீலகிரி கரிக்கியூர்ப் பாறை ஓவியங்கள் மேல் வந்தவர்கள் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓவியம் பளிச்சென்று தெரியத் தண்ணீர் ஊற்றிப் படம் எடுப்பவர்களும், எழுத்து தெரியச் சாக்பீஸ் தேய்ப்பவர்களும் உண்டு; இரண்டுமே கூடாது. வேட்டைப் பறவைகளின் கூடு இருக்கும் இடத்தை எந்தக் காரணத்துக்காகவும் பொதுவில் போடக்கூடாது. ஊர் தயாரான பிறகு வீடியோ போடலாம். அதுவரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வெளியே விடாதீர்கள்.

இப்போது இருக்கும் பெயின்டை என்ன செய்வது? நீங்களாகச் சுரண்டாதீர்கள். நல்லெண்ணத்தோடு கம்பி பிரஷ்ஷும் ஆசிடும் தின்னரும் கொண்டுபோய்ப் பெயின்டோடு எழுத்தையும் சேர்த்து எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலை தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவுக்கு உரியது. நீங்கள் உடனே நிறுத்த வேண்டியது அடுப்பைத்தான். குகைக்குள் தீ மூட்டினால் சூட்டில் பாறையின் மேல்தோல் பொரிந்து உரியும், உரிந்தது திரும்ப வராது. மேலே புருவம் போல வெட்டியிருக்கும் காடி மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருப்பதற்காக. அதில் மண்ணும் செடியும் அடைத்திருந்தால் துறைக்குச் சொல்லுங்கள், கடப்பாரை வைத்து நோண்ட வேண்டாம்.

எந்தத் துறை என்பது அந்த இடம் யாருடைய பட்டியலில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒன்றியத் தொல்லியல் துறை என்றால் திருச்சி வட்ட அலுவலகம், மாநிலத் துறை என்றால் மாவட்டத் தொல்லியல் அலுவலர். இரண்டிலும் இல்லையென்றால் மாநிலத் துறைக்கு எழுதிப் பாதுகாக்கக் கேட்கலாம். ஒன்றியப் பட்டியலில் இருக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானமோ குவாரியோ கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதியோடுதான் முடியும். ஊரில் வீடு கட்டுவோருக்கு இது சிக்கல் தரும். அதை மறைக்காமல் முன்பே பேசிவிடுங்கள், பின்னால் தெரிந்தால் ஊரே உங்களுக்கு எதிராகத் திரும்பும். மனுவோடு இடத்தின் ஜி.பி.எஸ். குறிப்பு, சர்வே எண், அளவுகோல் வைத்து எடுத்த படங்கள் மூன்றும் இருக்கட்டும். அடுத்த கிராம சபையில் ஒரு தீர்மானம் போட முடிந்தால் இன்னும் நல்லது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு முறை கூடுகிறது. தீர்மானத்தை ஊர்க்காரர் ஒருவர் முன்மொழியட்டும், நீங்கள் பின்னால் இருங்கள்.

பாட்டில் கூட்டத்தைப் பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். போலீஸை முதல் நாளே கூப்பிடாதீர்கள். அவர்கள் யார் என்று ஊருக்குத் தெரியும், வெளியூரில் இருந்துகொண்டு புகார் கொடுத்தால் பகைதான் மிஞ்சும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிப் பிள்ளைகளும் அம்மாக்களும் அந்தக் குகைக்கு ஏறி வருவார்கள் என்று தெரிந்தாலே பாதிப் பேர் இடத்தை மாற்றிக்கொள்வார்கள். மீதிப் பேருக்குப் பஞ்சாயத்துத் தலைவரும் கோயில் பூசாரியும் சொல்வதில் இருக்கும் பலம் நம் சொல்லில் இருக்காது.

முதல் வேலை அந்த எழுத்தைப் படிப்பது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது காலை ஆறரை, ஏழு மணிக்கோ சாயங்காலமோ ஏறுங்கள். வெளிச்சம் சாய்வாக விழும்போது எடுங்கள். குகை இருட்டாக இருந்தால் டார்ச்சைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லி எடுங்கள். எழுத்தின் மேல் எதையும் தடவ வேண்டாம். இடமிருந்து வலமாக ஒன்றின் விளிம்பு அடுத்ததில் வருமாறு நாலைந்து படங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல். ஊர் பெயரை மறைத்துவிட்டு இங்கேயே போடுங்கள். பெயின்ட் எழுத்தின் மேல் ஏறியிருந்தால் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் படித்துச் சொல்கிறேன், எனக்குப் பிடிபடாததை என்னைவிடத் தெரிந்தவர்களிடம் கேட்கலாம்.